டேவிட் டேவிஸைப் பற்றி எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

"லிங்கனின் நண்பர், அதனால் பதவி கிடைத்தது" என்று 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நீதிபதி டேவிட் டேவிஸை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதலில் இதை விடுங்கள். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 1860இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் லிங்கனுக்காக ஆள் திரட்டியவர் அவர்தான், 1862இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்ததும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1848 முதல் 14 வருடம் இல்லினாய் மாநிலத்தின் எட்டாவது சர்க்யூட்டில் நீதிபதியாக இருந்தவர், அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நீதிபதி.

சர்க்யூட் நீதிபதி என்றால் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து வழக்கு கேட்டார் என்று நினைக்காதீர்கள். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சேறும் சகதியுமான பாதையில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், வக்கீல்களும் கூடவே வருவார்கள், அவர்களில் லிங்கனும் ஒருவர். சத்திரத்தில் வக்கீல்கள் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுப்பார்கள். டேவிஸ் கிட்டத்தட்ட 136 கிலோ எடை, அதனால் அவருக்குத் தனிக் கட்டில். அவரால் வர முடியாத நாட்களில் லிங்கனே நீதிபதி இருக்கையில் உட்கார்ந்து வழக்கு கேட்டதும் உண்டு. நட்பு வளர்ந்தது இப்படித்தான்.

சரி, நண்பர் என்பதால் லிங்கன் அரசு செய்ததற்கெல்லாம் தலையாட்டினாரா? இல்லவே இல்லை. இந்தியானாவைச் சேர்ந்த மில்லிகன் என்ற வக்கீலை, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல், ராணுவம் கைது செய்து, ராணுவ விசாரணைக் குழுவே தூக்குத் தண்டனையும் விதித்துவிட்டது. சாதாரண நீதிமன்றங்கள் திறந்து நடக்கிற இடத்தில் ஒரு குடிமகனை ராணுவம் விசாரிக்கக் கூடாது என்று 1866இல் தீர்ப்பு எழுதியவர் டேவிஸ். அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். இங்கேயும் ஒரு தவறு நடக்கும், தீர்ப்பு முழுவதும் ஒருமனதானது என்று எழுதிவிடுவார்கள்: மில்லிகனை விடுவிப்பதில்தான் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள், இப்படிப்பட்ட விசாரணைக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதி தரலாமா என்ற கேள்வியில் 5-4 எனப் பிரிந்துவிட்டார்கள்.

அதிகம் குழம்புவது 1877இல். ஹேய்ஸ், டில்டன் இருவரில் அதிபர் யார் என்ற தகராறைத் தீர்க்க 15 பேர் ஆணையம் அமைத்தார்கள், எந்தக் கட்சியையும் சாராத பதினைந்தாவது ஆளாக டேவிஸ் வருவார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அந்த நேரம் பார்த்து இல்லினாய் சட்டமன்றம், டில்டனின் ஜனநாயகக் கட்சியினர் ஆதரவோடு, அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. அவர் ஆணையத்துக்கு வர மறுக்க, குடியரசுக் கட்சிக்காரரான நீதிபதி பிராட்லி அந்த இடத்துக்கு வந்தார், 8-7 என்று முடிவு ஹேய்ஸ் பக்கம் போனது. ஜனநாயகக் கட்சியினர் தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது டேவிஸ் தேர்தலில் நின்று மக்கள் ஓட்டில் ஜெயித்தார் என்று எழுதிவிடாதீர்கள், 1913 வரை செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவை மாநில சட்டமன்றங்கள்.

அப்புறம், அவர் துணை அதிபராக இருந்ததே இல்லை. 1881இல் அதிபர் கார்ஃபீல்ட் இறந்து துணை அதிபர் ஆர்தர் அதிபரானதும் துணை அதிபர் நாற்காலி காலியாகவே கிடந்தது. அந்த அக்டோபரில் செனட்டின் தற்காலிகத் தலைவரானார் டேவிஸ். 1883 மார்ச் வரை ஆர்தருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அன்றைய சட்டப்படி அதிபர் பொறுப்பு வந்து சேர்ந்திருக்க வேண்டியது இவரிடம்தான்.