உள்துளையைப் பிடிக்கும் கருவிக்குக் காப்புரிமை மறுத்தால் மேல்முறையீடு செய்வது எப்படி?

விசைப்படகு ஷாஃப்டுக்கு மெல்லிய கன்மெட்டல் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உலோகக் குழல்) கடையும் மண்டபம், பாம்பன் பட்டறைகளுக்கு இது புதிதல்ல: மூன்று ஜா சக்கில், அதாவது மூன்று தாடைகளால் பொருளைப் பிடிக்கும் லேத் பிடிப்பானில், வெளியே இறுக்கிக் கடைந்தால், கழற்றியதும் துளை வட்டம் கெட்டு மூன்று பக்கம் பிதுங்கும். அதற்காக துளைக்குள் நுழைந்து உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் மாண்ட்ரல் என்ற தண்டுக் கருவி ஒன்றை வடிவமைத்து விண்ணப்பித்தீர்கள். சென்னைக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கெடு. 117ஏ பிரிவின்படி உத்தரவுத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். முன்பு இதை விசாரித்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. மார்ச்சில் வந்த உத்தரவுக்கு ஜூனில் கெடு முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி, பட்டறையில் தலைநிமிர நேரமிருக்காது. அதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். படிவம் 24-இல் மறுஆய்வு கேட்கவும் வழி உண்டு, அதற்கு 1 மாதம்தான். வெளிப்படையான பிழைக்கு அது போதும். அதை நம்பி மேல்முறையீட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, மறுத்த காரணத்தைப் பாருங்கள். அதிகாரி காட்டும் ஒரே பழைய ஆவணத்தில் உங்கள் கருவி முழுதும் இருந்தால் புதுமையே இல்லை, செலவழிக்காதீர்கள். இரண்டு ஆவணங்களைச் சேர்த்து 'தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றும்' என்றிருந்தால் வாதாட இடமுண்டு. உதாரணமாக, முதல் ஆவணத்தில் கூம்பின் மேல் ஏறி விரியும் ஸ்லீவ் (பிளவுபட்ட குழல்), பிளவுகள் ஒரு முனையிலிருந்து மட்டும். அது விரியும்போது எக்காளம்போல் ஒரு முனையில்தான் பிடிக்கும். உங்களுடையதில் பிளவுகள் இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி வருவதால் நீளம் முழுக்க ஒரே சீராக விரிகிறது. ஆனால் பொருளை வெளியிலிருந்து நெரித்துப் பிடிக்கும் ஈஆர் காலெட் என்ற பிளவுபட்ட பிடிப்பானில் இதே பிளவு உண்டு; அதிகாரி அதைத்தான் இரண்டாவதாகக் காட்டுவார். ஆகவே 'என் கருவி நன்றாக வேலை செய்கிறது' என்பது பதிலாகாது. நெரிக்கும் காலெட்டை விரியும் மாண்ட்ரலோடு சேர்க்க அந்த ஆவணங்களில் எந்த வரி தூண்டுகிறது, எக்காளமாக விரியும் குறையை அவை கண்டனவா என்று கேட்க வேண்டும்.

சீராக விரியும் இந்த விளைவு, முதலில் விண்ணப்பத்தோடு தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். 59ஆம் பிரிவின்படி கோரிக்கையை (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று எழுதும் பகுதியை) சுருக்கலாம், விரிக்க முடியாது. எழுதாத கூம்புக் கோணத்தை இப்போது நுழைக்க முடியாது.

பலர் விழும் குழி ஒன்று: பயனை நிரூபிக்க, 'பல வருடமாகப் பாம்பன் படகுகளுக்கு இதில்தான் கடைகிறோம்' என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுவது. அந்தப் பயன்பாடு விண்ணப்பத் தேதிக்கு முந்தையது என்றால், உங்கள் புதுமையை நீங்களே மறுத்ததாகிவிடும்.

அதிகாரி உங்கள் பதிலுக்குக் காரணம் சொல்லாமல் மறுத்திருந்தால் அதைத் தனிக் காரணமாக எழுதுங்கள். அதில் வென்றால் பெரும்பாலும் காப்புரிமை உடனே கிடைக்காது. விண்ணப்பம் மறுபரிசீலனைக்கு அலுவலகத்துக்கே திரும்பும். இரண்டு ஆவணங்களுக்குமான பதிலை அதற்குள் படத்தோடு தயாராக வைத்திருங்கள்.