திருவருகைக் காலத்தை வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் நவம்பர் கடைசியிலேயே கடைகளில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும், டிசம்பர் முதல் வாரங்களிலேயே கேரல் குழுவும் வந்து கதவைத் தட்டும், இந்தச் சத்தத்தில் கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலம் (அட்வென்ட்) என்று ஒன்று நடப்பதே பல வீடுகளில் தெரியாமல் போகிறது. இது முன்கூட்டியே கிறிஸ்துமஸ் கொண்டாடும் காலம் இல்லை. காத்திருக்கும் காலம்.

முதலில் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள், அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் தொடக்கம். 2026-ல் அது நவம்பர் 29. கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் விழுகிறது என்பதைப் பொறுத்து இந்தக் காலம் 22 நாளிலிருந்து 28 நாள் வரை இருக்கும். திருச்சபையின் திருவழிபாட்டு ஆண்டும் அன்றுதான் தொடங்குகிறது, 2026-ல் தொடங்கும் ஆண்டின் ஞாயிறுகளில் பெரும்பாலும் மாற்கு நற்செய்தி வாசிக்கப்படும்.

அப்புறம் வாசகங்கள். முதல் ஞாயிறு பூசைக்குப் போனால் பெத்லகேம், இடையர், மாட்டுத்தொழுவம் எதுவும் காதில் விழாது. "விழிப்பாயிருங்கள்" என்பதுதான் நற்செய்தி (மாற்கு 13:33-37). டிசம்பர் 16 வரை திருச்சபை நம்மைப் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கித்தான் திருப்புகிறது, நடுவில் எசாயாவும் திருமுழுக்கு யோவானும் வந்து வழியைச் செம்மையாக்கச் சொல்கிறார்கள். 17-ஆம் தேதி முதல்தான் பிறப்பு விழாவுக்கான நேரடித் தயாரிப்பு. இந்த இரண்டு பகுதியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே காலத்தின் பொருள் பிடிபட்டுவிடும். ஏற்கெனவே வந்தவர், திரும்ப வரப்போகிறவர், இவருக்கு நடுவில்தான் நாம் வாழ்கிறோம். எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

வீட்டில் தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் அன்றைய நற்செய்தியை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், பிள்ளைகள் வாசித்தால் இன்னும் நல்லது. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் நாளுக்கு ஒரு பெயரால் மீட்பரை அழைக்கும் பழைய வழக்கம் இருக்கிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. அதே வரிசையில் நாளுக்கு ஒன்று, "வாரும்" என்று முடித்துச் செபியுங்கள், போதும்.

மெழுகுவர்த்தி வளையம் செய்ய சவுக்குத் தழை போதும், கிடைக்காவிட்டால் வாடாத எந்தப் பச்சையும் சரி. மூன்று ஊதா, ஒரு இளஞ்சிவப்பு என நாலு மெழுகுவர்த்தி, வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்ற வேண்டும். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு, இளஞ்சிவப்பு அன்றைக்கு. நிறம் கிடைக்கவில்லையா, நாலும் வெள்ளையாக இருக்கட்டும். 1839-ல் ஹாம்பர்க்கில் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதிலிருந்து வந்த பழக்கம்தான் இது, திருச்சபைச் சட்டம் இல்லை.

நம் பக்கத்து வீட்டு சீரோ மலபார் (கிழக்கு முறைக் கத்தோலிக்க) குடும்பங்கள் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு இருப்பார்கள், பல வீடுகளில் இறைச்சியும் மீனும் அடுப்பேறாது. லத்தீன் முறையில் இருக்கும் நமக்கு இந்தக் காலத்தில் உண்ணாநோன்பு கட்டாயம் இல்லை, ஆனாலும் அவர்களைப் பார்த்து ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், விட்டதில் மிஞ்சும் காசை இல்லாதவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக்கு இந்த நாட்களில் கோழிக்கறி கொடுத்தனுப்ப வேண்டாம்.

கோவிலில் ஞாயிறுகளில் "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாடலைப் பாடாமல் விடுவதும், பீடத்தில் பூ குறைவதும் காத்திருப்பின் அடையாளம்தான், அல்லேலூயா மட்டும் நிற்காது. இது தவக்காலம் போன்ற துயரக் காலம் இல்லை. வீட்டிலும் அதே அளவு வையுங்கள். குடில் கட்டலாம், தீவனத் தொட்டி மட்டும் 24 இரவு வரை காலியாக இருக்கட்டும். பாவசங்கீர்த்தனத்தை (பாவ அறிக்கையை) 24-க்கென்று தள்ளாதீர்கள், வரிசை நீளமாக இருக்கும், சாமியாருக்கும் நேரம் இருக்காது, இரண்டாம் வாரமே போய்விடுங்கள்.

ஜனவரி 1 ஆனதும் குடிலைக் கலைக்கிற அவசரமும் வேண்டாம். கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது, டிசம்பரில் அடக்கி வைத்த பாட்டையெல்லாம் அதுவரை தாராளமாகப் பாடலாம்.