பிள்ளையார்பட்டியிலிருந்து குன்றக்குடிக்கு ஒரு காலை ஓட்டம்

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் பிள்ளையார்பட்டி கோயில் குளக்கரைக்கு வந்துவிடுங்கள். குன்றக்குடி சுமார் 3 கிலோமீட்டர்தான். முதல் கிலோமீட்டரில் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும். தார்ச்சாலையைவிட ஓரத்துச் செம்மண் முழங்காலுக்கு இதம். ஆனால் மழை பெய்த மறுநாள் அதில் இறங்காதீர்கள். ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு கால் கனத்துப்போகும். போன ஐப்பசியில் எனக்குக் கணுக்கால் பிசகியது அப்படித்தான். மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தேன்.

சண்முகநாதர் குன்று கண்ணில் பட்டதும் வேகம் கூட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். படிக்கட்டில் ஓடவே வேண்டாம், வயதானவர்கள் ஏறும் இடம் அது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக நடந்தே ஏறுங்கள். மேலே காற்றில் வேர்வை காயும், அதற்காகவே போகலாம். சித்திரை வெயிலில் ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அப்புறம் உப்புப் போட்ட நீர்மோர், ஒரு சொம்பு.