மைய வாதத்தைச் சோதிக்க அதன் மறுப்பை எழுதிப் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரையின் மைய வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்ததும், அதற்கு நேர் எதிரான வாக்கியத்தை அதன் கீழேயே எழுதி, விவரமறிந்த ஒருவர் அந்த மறுப்பை உண்மையாகவே முன்வைக்கக்கூடுமா என்று பாருங்கள். யாரும் முன்வைக்க மாட்டார்கள் என்றால், நீங்கள் எழுதியது வாதமன்று, ஊரறிந்த செய்தி.

‘தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியது’ என்பதை மறுப்பவர் அரிது. அதை நிறுவ ஒரு கட்டுரையே தேவையில்லை. மாறாக, ‘1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், புதிய சேர்க்கையைக் கூட்டியதைவிட, ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதற்கே அதிகம் துணைநின்றது’ என்று எழுதினால், சேர்க்கையே முதன்மையான விளைவு என்று மற்றொருவர் வாதிட இடமிருக்கிறது. எந்தச் சான்றைத் தேட வேண்டும் என்பதையும் அந்த மறுப்பே காட்டிவிடுகிறது: வகுப்புவாரியான சேர்க்கையும் இடைநிற்றலும் 1982க்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தன என்று ஒப்பிட வேண்டும்; காமராசர் ஆட்சியில் 1956இலேயே மதிய உணவுத் திட்டம் தொடங்கிவிட்டதால், அதன் பங்கைத் தனியே பிரித்தறிவதும் கட்டாயமாகிறது. தேடிய சான்றுகள் மறுப்பின் பக்கமே சாய்ந்தால், தயங்காமல் அதையே உங்கள் வாதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவடிப் பதிப்பு, கல்வெட்டுத் தொகுப்பு, வட்டாரச் சொல் திரட்டு போன்ற ஆவணப்படுத்தும் பணிகளுக்கு இச்சோதனை பொருந்தாது. அங்கே முழுமையும் துல்லியமுமே அளவுகோல்.