ஷாட்கன் குழலை நீட்டிக்கும் முன்
அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்காக ஷாட்கன் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தோட்டாக் குழலை நீட்டிக்கும் உதிரிபாகத்துக்குப் பணம் செலவிடுவதற்கு முன், குழலுக்குள் தோட்டா எண்ணிக்கையைக் குறைக்கும் செருகுக் கட்டை இருக்கிறதா என்பதைத் தகுதியுள்ள துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டி அறிந்துகொள்வது நல்லது. வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கி மொத்தம் 3 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது என்ற கூட்டாட்சி விதியை முன்னிட்டே, பல வேட்டைத் துப்பாக்கிகள் இக்கட்டையுடன் விற்கப்படுகின்றன. ரெமிங்டன் 870 வகை ஷாட்கனின் வழக்கமான குழலோ, கட்டை இல்லாதபோது இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாக்கள் 4 கொள்ளும்; கட்டையை எடுத்தாலே போதுமானதாக இருக்கலாம். அதே துப்பாக்கியுடன் பறவை வேட்டைக்குச் செல்பவர் கட்டையை மீண்டும் பொருத்தியாக வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கொள்ளளவுச் சட்டம் வேறுபடுவதால், அதையும் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். நீண்ட குழல் முன்பாரத்தைக் கூட்டும். குறுகிய நடைவழியில் அது தொல்லைதான்.