ரமணரைத் தேடி கிரிவலம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞானி ரமணருக்காகவே திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பலர் பௌர்ணமியாகப் பார்த்து வருகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. பௌர்ணமி கிரிவலம் ஒரு திருவிழா. லட்சக்கணக்கான பேர் நடுவில் மலையை நிமிர்ந்து பார்க்க முடியாது. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கும். அந்தக் கூட்டமும் பிடிக்கும் என்றால் சரி, தாராளமாகப் போகலாம். இல்லையென்றால் சாதாரண நாளில் விடியுமுன் கிளம்புவதே நல்லது.

அடுத்தது வேகம். 14 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் முடித்ததைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பதைப் போல நடக்க வேண்டும் என்பார் ரமணர். அவரும் அன்பர்களும் வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். 1926 வரை அவர் கிரிவலம் போனார். ஐந்து மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை என்பதால் நாம் சாலையின் இடது ஓரமாகப் போவது வழக்கம். ஆனால் இடது ஓரத்தில் வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வரும். கிரிவலப் பாதையில் வரும் செங்கம் சாலையில் பஸ்ஸும் லாரியும் ஓடுவதால், இருட்டில் நடப்பவர்களுக்கு வெளிர் நிற உடைதான் பாதுகாப்பு.

செருப்பைக் கழற்றுவது மரபு. நான் ஒரு சித்திரை மாதம் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டு, பாதி தூரத்தில் தார் சுட்டு, மரநிழலுக்கு மரநிழல் ஓடினேன். ராணி நடையாவது ஒன்றாவது! வெறுங்காலோடு போவதாக இருந்தால் வெயில் ஏறுமுன் சுற்றி முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் கூச்சப்படாமல் செருப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

காட்டுக்குள் போகும் உள்வழியிலோ உச்சிக்கோ, வனத்துறையின் அனுமதி இல்லாமல், யாரோ கூட்டிப்போகிறார் என்று நம்பிப் போகாதீர்கள். 2024 டிசம்பர் மழையில் இதே மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு. கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்தால் ரமணர் வாழ்ந்த இடங்களைப் பார்த்தாயிற்று என்று நினைப்பது. அந்தப் பாதையின் ஓரத்தில் இருப்பது ரமணாசிரமம் மட்டும்தான். அவர் முதலில் இருந்த இடங்கள் கோயிலுக்குள்ளும் மலைமேலும் இருக்கின்றன. பலர் ஆசிரமத்திலிருந்து மலையேறி, விருபாட்ச குகை வழியாக ஊருக்குள் இறங்குகிறார்கள். அப்படிப் போனால் அவர் வாழ்க்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவது போல ஆகிவிடும்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இருக்கும் பாதாள லிங்கத்தில் தொடங்குங்கள். 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்த வேங்கடராமன், அதாவது பிற்கால ரமணர், பையன்களின் கல்லடிக்குத் தப்பி ஒதுங்கிய இருட்டறை அது. பூச்சி கடித்துத் தொடை புண்ணானது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மேற்கே பேய்க்கோபுரத் தெருப் பக்கமாக வந்து படியேறினால் விருபாட்ச குகை வரும். 1899 முதல் 1916 வரை அங்கே இருந்தார். அதற்கும் மேலே, அவர் அடுத்து இருந்த கந்தாச்ரமம். தாய் அழகம்மாளும் அங்கே வந்து மகனோடு தங்கினார். 1922 மே மாதம் அங்கேயே காலமானார். அங்கிருந்து பார்த்தால் கோபுரங்கள் எல்லாம் காலடியில் தெரியும். குரங்குகள் ஏராளம், கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம்.

மறுபக்கம் கற்பாதையில் இறங்கினால் ரமணாசிரமம். தாயை அடக்கம் செய்த இடம் அது. மேலிருந்து அடிக்கடி இறங்கி வந்துகொண்டிருந்தவர், அந்த ஆண்டு டிசம்பரில் வந்த ஒருநாள் திரும்பி ஏறவில்லை. 1950 ஏப்ரல் 14 வரை அங்கேதான் இருந்தார். அங்கிருந்து கோயிலுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். நடந்தோ ஆட்டோவிலோ திரும்பினால் இந்தச் சின்ன வட்டமும் முடிந்துவிடும்.