போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைச் சொந்தக் குவரிகளால் கண்காணிப்பது

கண்காணிப்புத் திரையில் சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றும் பச்சையாகவே இருக்கும். ஆனால் புறக்கோட்டைக் கடையில் பில் போட முடியாது. யாரோ முடிக்காமல் விட்ட ஒரு ட்ரான்சாக்ஷன் ஸ்டொக் டேபிளில் லொக் போட்டு வைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க, அளவீடுகளைச் சேகரித்து அனுப்பும் டெலிகிராஃப் ஏஜென்டின் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்_எக்ஸ்டென்சிபிள்' பிளகினில் நாமே குவரி எழுதிக் கொடுக்கலாம்.

முதலில் ஏஜென்டுக்குத் தனி யூசர். சூப்பர்யூசர் வேண்டாம், போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து இருக்கும், கண்காணிக்கும் உரிமை தரும் பிஜி_மொனிட்டர் ரோல் போதும். அதைக் கொடுக்காவிட்டால், இப்போதுள்ள கனெக்ஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் மற்றவர்களின் ஸ்டேட் நிரல் வெறுமையாகத் தெரியும். எரர் எதுவும் வராது, எண்ணிக்கை மட்டும் 0 என்று வரும். அந்த 0ஐ நம்பி நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து. யூசருக்குக் கனெக்ஷன் லிமிட் 3, ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 5 செக்கன் வைத்துவிடுங்கள்.

முதல் குவரி: கிளையன்ட் கனெக்ஷன்களில் மிகப் பழைய ட்ரான்சாக்ஷனின் வயது, செக்கனில். எதுவும் இல்லாதபோது 'நல்' (வெறுமைப் பெறுமதி) வராமலிருக்க கோஅலெஸ் போட்டு 0 ஆக்குங்கள். வயதைச் செக்கனாக எடுக்கும் எக்ஸ்ட்ராக்ட், 14ஆம் பதிப்பிலிருந்து நியூமெரிக் வகையிலேயே தருகிறது. ஃப்ளோட்8 என்ற தசம எண் வகைக்கு மாற்றாவிட்டால் அது எழுத்துச் சரமாகப் போய்விடலாம், கிராஃப் வெறுமையாக நிற்கும். பில் போடும் சிஸ்டத்துக்கு 300 செக்கனில் அலேர்ட் வைத்தாலே தாராளம். கூடவே கனெக்ஷன் எண்ணிக்கையும்: இயல்பான உச்சம் 100, அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. 80இல் எச்சரிக்கை வரட்டும்.

அடுத்தது கடைசி 15 நிமிடத்தில் வந்த ஓடர்கள். அதிகம் பிழைக்கும் இடம் இது. ஓடர் நேரம் டைம்ஸோன் இல்லாத டைம்ஸ்டாம்பில் கொழும்பு நேரமாகவும், சேர்வர் யூடிசியிலும் இருந்தால், இப்போதைய நேரம் தரும் 'நௌ' ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். 15 நிமிடம் என்று கேட்டது 5 மணி 45 நிமிட ஓடர்களை எண்ணும். கடை முடங்கினாலும் அலாரம் மத்தியானம் தாண்டியே அடிக்கும். 'நௌ'வை ஏசியா/கொழும்பு நேரத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். அதற்குப் பதில் ஓடர் நேர நிரலை மாற்றினால் இன்டெக்ஸ் பயன்படாது. இன்டெக்ஸே இல்லையென்றால், டெலிகிராஃபின் இயல்பான 10 செக்கன் இடைவெளியில் முழு டேபிளையும் வாசித்துக்கொண்டேயிருக்கும். இந்தக் குவரிக்கு 60 செக்கன் இடைவெளி போதும்.

கிளை வாரியாக எண்ணும்போது ஓடர் டேபிளில் தொடங்கி குரூப் பை போட்டால், ஓடர் வராத கிளைக்கு வரியே வராது. கிளை டேபிளில் தொடங்கி லெஃப்ட் ஜொயின் செய்யுங்கள். கிளைக் குறியீடு டேக் (அளவீட்டைப் பிரித்துக் காட்டும் லேபல்) ஆகலாம், பில் இலக்கம் ஒருபோதும் ஆகக்கூடாது: ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு சீரிஸ், அதாவது தனி அளவீட்டு வரிசை, என்று பெருகிவிடும்.

ஞாயிறைக் கிழமை பார்த்து விலக்கலாம், முழுநிலா நாளில் வரும் போயா விடுமுறையை முடியாது. அதற்கு விடுமுறை டேபிள் ஒன்று வைத்து, 'கடை திறப்பா' என்பதை 1 அல்லது 0 ஆக அதே குவரியில் அனுப்புங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அதைப் புதுப்பிக்க ஒருவரின் பெயரை எழுதி வையுங்கள்.

கொன்ஃபிக்கை டெலிகிராஃபின் டெஸ்ட் தெரிவோடு ஓட்டினால் பெறுமதிகள் திரையில் மட்டும் வரும். எண்ணின் இருபுறமும் மேற்கோள் குறி நின்றால் அது சரம். கிராஃபும் அலேர்ட்டும் தரும் கிராஃபானாவில் 'நோ டேட்டா' நிலைக்கும் அலேர்ட் போடுங்கள். பிறகு டெஸ்ட் தரவுத்தளத்தில் போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல் திறந்து, ட்ரான்சாக்ஷனைத் தொடங்கும் 'பிகின்' மட்டும் அடித்து விட்டுவிடுங்கள். ஆறு நிமிடத்துக்குள் ஃபோனுக்குச் செய்தி வராவிட்டால், திரும்ப ரோலில் இருந்தே பார்த்து வாருங்கள்.